கட்டைமேல் வைத்த கை

சின்னதுரை இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது சவுரிராயன் கையில் கறிக்கத்தி இருந்தது. ஒரு வீச்சு வீசியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவன் வீசவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "தம்பி, பேசிக்கலாம்பா. கறி வாங்க வந்த பொம்பளைங்க நிக்கிறாங்க பாரு," என்றான்.

கம்பி அவனுடைய இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. சின்னதுரையோடு வந்த ஆட்கள் கீழே விழுந்தவனை விலாவிலும் முகத்திலும் உதைத்தார்கள். தராசைத் தூக்கி ரோட்டில் எறிந்தார்கள். கொக்கியில் தொங்கிய கறியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டு மிதித்தார்கள். கூரைத் தகரத்தைப் பிரித்து வீசினார்கள். விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்பக்கம் ரோட்டோரமாக இருந்த அந்த மாட்டுக்கறிக் கடை அன்று காலையோடு முடிந்தது. கூட வேலை பார்த்த பூவரசன் முதல் அடி விழுந்ததுமே ஓடியவன்தான், திரும்பி வரவேயில்லை.

அந்த இடம் வெங்கடாசலத்துக்கு வேண்டியிருந்தது. மனை வாங்கி விற்கிறவர், நாலு கட்சியிலும் ஆள் வைத்திருக்கிறவர். சின்னதுரை அவருக்கு அடியாள். இது ஊருக்கே தெரியும். சாட்சி சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை. சவுரிராயன் கட்டுப்போட்ட தோளோடு படுத்துக் கிடந்த மாதங்களிலேயே அங்கே மூன்று மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது.

தோள் கோணலாகத்தான் கூடியது. மூட்டை தூக்கப் போனான். சிமெண்ட் மூட்டை தோளில் ஏறியதும் கண் இருட்டி விழுந்தான். அடுத்த நாள் மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். கறி வெட்டுகிற வேலையும் கிடைக்கவில்லை. வெங்கடாசலத்தோடு மோதினவன் என்று எந்தக் கடைக்காரனும் அவனைச் சேர்க்கவில்லை. மனைவி அமலா கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கப் போனாள். முகூர்த்தம் உள்ள மாதம் சோறு, இல்லாத மாதம் கேப்பைக் கூழ். அவள் காதில் இருந்த தோடு போய் ஈர்க்குச்சி வந்தது. எட்டாவது படிக்கிற மகள் ரோஜா பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தாள். அதைப் பார்த்த அன்றைக்குச் சவுரிராயன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

அவர்கள் இருந்தது காணை ரோட்டில் ஒரு காலனி. காலனி நடுவில் மாதா கோயில். அமலா ஒரு ஞாயிறு பூசையையும் விட்டதில்லை. சவுரிராயன் நிறுத்திவிட்டான். காணிக்கைத் தட்டு வரும்போது போட ஒன்றுமில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டான். உண்மை வேறு. அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்தது பயத்தினால் அல்ல. சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்ட வார்த்தைகள் அந்த நிமிஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டன. அதற்குக் கிடைத்த கூலி இதுதானா என்று நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது. பசியில் எரிந்ததைவிட அதிகமாகவே எரிந்தது. சாயங்காலம் அமலாவும் ரோஜாவும் முட்டி போட்டு செபம் சொல்லும்போது அவனும் சுவரோரம் உட்கார்ந்து முணுமுணுப்பான். அன்றாடச் சோற்றைக் கேட்கிற வரி வரைக்கும் கூடவே வருவான். அதற்கடுத்து, தீங்கு செய்தவனை மன்னிக்கிறோம் என்கிற வரி. அது வரும்போது எழுந்து வெளியே போய்விடுவான்.

இப்படி இரண்டு வருஷம் ஓடி மூன்றாவது தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு, வந்தது. "ஊருக்கு நாப்பது நாள் தபசு. நமக்கு முடியவே மாட்டேங்குது," என்று அமலா சிரித்தாள். அந்த வாரத்தில்தான் பூவரசன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினான்.

"ண்ணே, நல்லா இருக்கியா?"

"நீ ஓடினப்புறம் நல்லாத்தான் இருக்கேன்."

பூவரசன் தலையைச் சொறிந்தான். வெங்கடாசலத்துக்கு இப்போது அவன்தான் டிரைவர். "பழசைப் பேசாத ண்ணே. தலைவரு ஒன்னைக் கூட்டியாரச் சொன்னாரு. நல்ல சேதிதான். ஜல்தியா கிளம்பு."

சவுரிராயன் கடை இருந்த இடத்தில் எழும்பிய கட்டடத்தின் முதல் மாடியில் வெங்கடாசலம் உட்கார்ந்திருந்தார். சவுரிராயனுக்கு நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"ஒன் எடம்தான் இது. கீழ ஒரு ஷட்டர் கடை காலியா கீது. சாவியை ஒன்கிட்டயே குடுத்துடறேன். வாடகை வோணாம். கடைசி வரைக்கும் நீயே வெச்சிக்க."

சவுரிராயன் டீயைத் தொடவில்லை. "நான் இன்னா பண்ணணும்ங்க?"

"சின்னதுரை என்னை விட்டுட்டு எதிராளிங்களோட சேந்துக்கினான். இப்ப திண்டிவனத்தாண்ட பதுங்கிக்கினு கீறான். அவன் உசுரு எனக்கு வோணாம். வலது கை வோணும். மணிக்கட்டோட." அவர் சாதாரணமாகச் சொன்னார், தொடைக்கறி கேட்பதுபோல. "கண்டவன் வெட்டினா செத்துப் பூடுவான், கேஸு பெரிசாயிடும். நீ வெட்டினா சுத்தமா வரும். ஒனக்கும் கணக்கு தீரும்."

"அன்னிக்கி அவனை அனுப்பினது நீங்கதானுங்களே?"

வெங்கடாசலம் மறுக்கவில்லை. "கடையைக் காலி பண்ணச் சொல்லி அனுப்பினேன். தோளை ஒடைக்கச் சொல்லல. அது அந்தக் கை பண்ண வேலை. அந்தக் கையைத்தான் கேக்கறேன்."

படியிறங்கும்போது சவுரிராயன் அந்த ஷட்டருக்கு முன்னால் நின்றான். உள்ளே ஓடு பதித்த சுவர், தண்ணீர்க் குழாய், கறி தொங்கவிட எவர்சில்வர் கம்பி. எல்லாம் தயாராக இருந்தது. மறுநாள் காலை வருகிறேன் என்று பூவரசனிடம் சொல்லி அனுப்பினான்.

அன்று சாயங்காலம் அமலா மண்டபத்திலிருந்து வந்தபோது அவன் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாகப் பரணில் கிடந்த கத்தி. அவள் சந்தோஷப்பட்டாள்.

"வேலை கெடைச்சிதா?"

"கெடைச்சிது."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சந்தோஷம் நின்றுபோனது. கேட்டாள். அவன் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அவள் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வோணாய்யா."

"வோணாமா? அன்னிக்கி நான் கத்தியைக் கீழ வெச்சேன்டி! கும்புட்டு நின்னேன்! ஒன் சாமி இன்னா பண்ணாரு? சொல்லு, இன்னா பண்ணாரு?" அவன் எழுந்து உள்ளே போனான். சுவர்ப் பலகையில் மாதா சுரூபம் இருந்தது, முன்னால் ஒரு மெழுகுவத்தி. கையை வீசி அடித்தான். பலகை பிய்ந்து விழுந்தது. சுரூபம் சுவரில் மோதிச் சிதறியது. மூலையில் படித்துக்கொண்டிருந்த ரோஜா வீறிட்டு அலறினாள். அவன் உடைந்த துண்டுகளையும் மிதித்தான். காலில் ரத்தம் வந்தது. நிறுத்தாமல் மிதித்தான்.

அமலா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவன் ஓயும்வரை அவள் கண்ணைப் பொத்தியிருந்தாள்.

"அது வெறும் மண்ணு. ஒடைச்சிட்ட, போவட்டும்," என்றாள் பிறகு. "நாளைக்கி ஒடைக்கப் போறது மண்ணு இல்ல."

"அவன் என்னை ஒடைக்கலியா?"

"ஒடைச்சான். நீ கேட்டியே, சாமி இன்னா பண்ணாருன்னு. எனக்குத் தெர்லய்யா. தெரியாமத்தான் தெனமும் முட்டி போட்டுக்கினு கேக்கறேன். பதில் வர்ல. வரும்னு நம்பிக்கினு இருக்கேன், அவ்ளோதான். பசிக்குதுன்னா சொல்லு, இன்னும் ரெண்டு மண்டபத்துக்குப் போறேன். அதுவும் பத்தலைன்னா கோயில் வாசல்ல துண்டு விரிச்சி ஒக்கார்றேன். ஆனா ஒருத்தன் கையைக் குடுத்து வாங்கின சோத்தை என் பொண்ணுக்கு ஊட்ட மாட்டேன்."

காலையில் அவள் கண் விழிக்கும்போது கத்தியும் இல்லை, அவனும் இல்லை.

காரில் பூவரசனோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். வெளியூர்ப் பையன்கள், பெயர் சொல்லவில்லை. ஒருவன் மொட்டை அடித்திருந்தான். இன்னொருவன் கழுத்தில் தடித்த செயின். காலுக்கடியில் இரும்புக் குழாய்களும் ஓர் அரிவாளும் கிடந்தன. சவுரிராயன் தன் கத்தியை நியூஸ் பேப்பரில் சுற்றி மடியில் வைத்திருந்தான். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை பையன்கள் ஏதோ படத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

திண்டிவனத்துக்கு முன்னாலேயே கார் மண்ரோட்டில் திரும்பியது. முள்மரங்களுக்கு நடுவே, மல்லாட்டை ஆட்டிக் கடலை எண்ணெய் எடுத்த ஒரு மில், இப்போது மூடிக்கிடந்தது. பாதிக் கூரை இல்லை. சின்னதுரை உள்ளே சாக்குமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டப்பகல் என்று நம்பி அசந்துவிட்டான் போலிருக்கிறது. மொட்டை அடித்தவன் ஓடிப்போய் முதலில் முட்டியில் அடித்தான். சின்னதுரை அலறிக்கொண்டு எழப் பார்த்தான். இரண்டாவது குழாய் அவன் வாயில் விழுந்தது. பல்லும் ரத்தமும் சாக்கில் தெறித்தன. அவன் பலசாலி. அப்படியும் செயின்காரனின் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டு உருண்டான். மூன்று பேரும் சேர்ந்து அடித்தார்கள். முதுகில், தலையில், தொடையில். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி சத்தம். சவுரிராயன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாகத் தினமும் மனசுக்குள் பார்த்த காட்சி. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். வாய் உலர்ந்ததுதான் மிச்சம்.

மில்லின் மூலையில் ஒரு மரக்கட்டை கிடந்தது. அதை உருட்டி வந்தார்கள். சின்னதுரையைக் குப்புறப் போட்டு முதுகில் மொட்டைக்காரன் ஏறி உட்கார்ந்தான். பூவரசன் வலது கையை இழுத்துக் கட்டைமேல் வைத்துப் பிடித்தான்.

"ண்ணே, ஜல்தி!"

சவுரிராயன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சின்னதுரை தலையைத் திருப்பிப் பார்த்தான். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. இன்னொரு கண்ணுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"கறிக்கட சவுரியா?" என்றான் உடைந்த வாயால். அப்புறம், "வெட்டு. வெட்டிட்டுப் போ," என்றான்.

மூட்டு எங்கே இருக்கிறது என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான் சவுரிராயன். எத்தனையோ ஆயிரம் மூட்டுகளை அப்படி அழுத்திப் பார்த்த விரல். எல்லாம் செத்த மாடு. இங்கே விரலுக்கடியில் நாடி துடித்தது. குருவியைக் கைக்குள் பொத்திப் பிடித்த மாதிரி படபடவென்று துடித்தது. அவன் கத்தியை எடுத்தான். எடுத்த கை தன்னாலேயே நெற்றிக்குப் போயிற்று.

தினமும் கடையில் முதல் வெட்டுக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்வது அவனுக்கு இருபது வருஷப் பழக்கம். கத்தியைப் பிடித்த கையாலேயே நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள். நினைத்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். இப்போதும் செய்தது. நெற்றியைத் தொட்டது. நெஞ்சைத் தொட்டது. இடது தோளுக்கு வந்தபோது, கோணலாகக் கூடிய அந்த எலும்பில் கத்திப்பிடி இடித்தது. அங்கே கை நின்றுவிட்டது. இந்தக் காரியத்துக்கு எப்படிச் சிலுவை போடுவது? பாதியில் நின்ற சிலுவையை முடிக்கவும் முடியவில்லை, கையை இறக்கவும் முடியவில்லை.

"இன்னா ண்ணே பண்ணிக்கினு கீற? வெட்டு!"

"முடியாதுடா."

"பேஜாரு பண்ணாத! தலைவரு கொன்னுடுவாரு!"

"விடுடா அவன் கையை," என்றான் சவுரிராயன். பூவரசன் விடவில்லை. சவுரிராயன் கத்திப்பிடியால் அவன் மூக்கில் இடித்தான். எலும்பு நொறுங்கியது. பூவரசன் முகத்தைப் பொத்திக்கொண்டு மல்லாந்தான்.

"கெழவனுக்குப் பயம் வந்துடுச்சிடா," என்று செயின்காரன் அரிவாளை எடுத்தான். அவன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை, நேராகச் சின்னதுரையின் கழுத்துக்கே ஓங்கினான். யோசிக்க நேரமில்லை. சவுரிராயன் இடது கையை நீட்டிக் குறுக்கே பாய்ந்தான். அரிவாள் அவன் உள்ளங்கையின் ஓரத்தில் இறங்கியது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கட்டைமேல் விழுந்தன. முதலில் வலியில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்ட மாதிரி இருந்தது. அப்புறம் வலி வந்தது, தோள் வரைக்கும் தீப்பிடித்த மாதிரி. அவன் அலறினான். அலறிக்கொண்டே எழுந்து சின்னதுரைக்கும் அவர்களுக்கும் நடுவில் கத்தியோடு நின்றான்.

மொட்டைக்காரன் குழாயை வீசினான். விலாவில் பட்டது. சவுரிராயன் விழவில்லை. கத்தியைத் திருப்பி அதன் முதுகால் அவன் முழங்கையில் அடித்தான். குழாய் எகிறிப் போயிற்று. செயின்காரன் மறுபடி அரிவாளைத் தூக்கினான். சவுரிராயன் அவன் தொடைக்குக் கத்தியைக் காட்டி, "கிட்ட வராத! இங்க ஒரு நரம்பு கீது. தொட்டேன்னா ரோடு போய்ச் சேர மாட்ட!" என்று கத்தினான். அறுந்த கையிலிருந்து ரத்தம் ஊற்றிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் ரத்தம். அந்தக் கோலத்தைப் பார்த்துப் பையன் பின்வாங்கினான். அலறல் கேட்டு, பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். மூன்று பேரும் காருக்கு ஓடினார்கள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

சின்னதுரைக்குத் தொடையில் எங்கோ கிழிந்து ரத்தம் கொப்பளித்தது. சவுரிராயன் லுங்கியைப் பல்லால் கிழித்தான். ஒரு துண்டால் அவன் தொடையை இறுக்கிக் கட்டினான். இன்னொரு துண்டைத் தன் கையில் சுற்றினான். அந்தப் பெண்கள் ரோட்டில் போன ஷேர் ஆட்டோவை மறித்து, இருந்தவர்களை இறக்கிவிட்டு, இரண்டு பேரையும் ஏற்றினார்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனை போய்ச் சேரும்வரை சின்னதுரையின் தலை சவுரிராயன் மடியில் கிடந்தது. அந்தத் தலையைக் கீழே தள்ளிவிட வேண்டும் என்று வழியில் ஒருதரம் தோன்றியது. தள்ளவில்லை. அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை. தையல் போட்டுப் படுக்கவைத்த மறுநாள் போலீஸ் வந்தது. அவனும் அதே காரில் கத்தியோடு வந்தவன்தான். பூவரசனும் பையன்களும் இரண்டு நாளில் பிடிபட்டார்கள். நாலு பேர்மேலும் கேஸ். காயம் ஆறுவதற்குள்ளேயே சவுரிராயன் சிறைக்குப் போனான்.

அங்கே வெங்கடாசலத்தின் ஆட்கள் இருந்தார்கள். முதல் வாரமே கழிப்பறைப் பக்கம் வைத்து, தையல் போட்ட கையை மிதித்தார்கள். பிரிந்த தையலைச் சிறை ஆஸ்பத்திரியில் மறுபடி போட்டார்கள். அமலா பார்க்க வந்தபோது அவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற அவள் நெற்றியிலும் ஒரு தையல் இருந்தது.

"இன்னாடி அது?"

"கல்லு. நீ புடிபட்ட அன்னிக்கே வெங்கடாசலம் ஆளுங்க வந்தானுங்க. கூரை ஓடெல்லாம் அடிச்சி நொறுக்கிட்டானுங்க. பாத்திரத்தைத் தெருவுல போட்டு மிதிச்சானுங்க. நான் ரோஜாவைக் கோயிலுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டு வாசப்படியில நின்னேன்."

"தனியாவா?"

"மொதல்ல தனியாத்தான். அப்பால பக்கத்து வூட்டு சவுரியம்மாள் அக்கா மொளகாத்தூளை எடுத்துக்கினு வந்துச்சி. அப்பறம் ஒவ்வொரு வூட்லேர்ந்தும் பொம்பளைங்க. தொடப்பம், ஒலக்கை, கைக்குக் கெடைச்சதெல்லாம். ஒருத்தன் கண்ணைத் தொறக்க முடியாம ஓடினான் பாரு!" அவள் சிரித்தாள். சிரிக்கும்போது தையல் இழுத்து முகம் சுளித்தாள். "இப்ப கோயில் பின்னாடி ரூம்லதான் கீறோம். பங்குச் சாமியார் இருக்கச் சொல்லிட்டாரு. சோறு வூட்டுக்கு வூடு முறை வெச்சிக் குடுக்கறாங்க. அவங்களுக்கே இல்ல. குடுக்கறாங்க."

சவுரிராயன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். "ஒன் சுரூபத்தை ஒடைச்சிட்டேன்டி," என்றான்.

"ஆமா. துண்டையெல்லாம் பொறுக்கி மண்ணுல பொதைச்சிட்டேன். நீ கையைக் காட்டு மொதல்ல."

அவன் காட்டினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லும்வரை கண்ணை எடுக்கவில்லை.

சிறையில் ராத்திரி அடைத்த பிறகு அவன் தனியாகச் செபம் சொல்ல ஆரம்பித்தான். அந்த வரி வந்தது. எழுந்து வெளியே போக அங்கே வாசல் இல்லை. சொன்னான். மனசு அதோடு வரவில்லை, வாய் மட்டும்தான் வந்தது. வாயாவது வரட்டும் என்று தினமும் சொன்னான்.

சவுரியம்மாளின் அண்ணனும் கோயில் உபதேசியாரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவனை வெளியே எடுத்தார்கள். ஈஸ்டர் பாஸ்கா அதற்குள் முடிந்துபோயிருந்தது. இதற்கிடையில் சின்னதுரை போலீசிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வெங்கடாசலம் தலைமறைவானார், அப்புறம் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து அதே மாடியில் உட்கார்ந்தார். ஆனால் காலனிப் பக்கம் அவர் ஆட்கள் வருவது நின்றது.

திண்டிவனம் கோர்ட்டில் வாய்தா வந்தது. "கட்டாயப்படுத்திக் கூட்டிக்கினு போனாங்கன்னு சொல்லு, வேற எதுவும் பேசாத," என்று வக்கீல் சொல்லியிருந்தார். நீதிபதி குற்றத்தைப் படித்துக் காட்டிக் கேட்டபோது சவுரிராயன், "வெட்டத்தானுங்க போனேன். யாரும் இழுத்துக்கினு போகல. வெட்டலைங்க," என்றான். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஒருதரம் பார்த்தார். எழுதிக்கொண்டார். அடுத்த தேதி சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் சின்னதுரை நின்றிருந்தான். ஒரு கால் மடங்கவில்லை. வாயில் முன்பல் இல்லை. வலது கையால் தடியை ஊன்றியிருந்தான். சவுரிராயன் கண் அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தது.

"எதுக்குண்ணே ஒத்துக்கின? உள்ள போட்டுடப் போறாங்க."

"நெசம்தானே."

சின்னதுரை தடியின் நுனியால் மண்ணைக் கிளறினான். "அன்னிக்கி ஒன் தோள்ல அடிச்சது... தலைவரு சொல்லல. நானாத்தான் அடிச்சேன். நீ கத்தியைக் கீழ வெச்சிட்டுத் தம்பின்னு கூப்ட்ட. என் ஆளுங்க பாத்துக்கினு இருந்தானுங்க. எனக்கு அசிங்கமாப் போச்சி. அதான்."

சவுரிராயனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இதற்காகவா? தம்பி என்ற ஒரு வார்த்தைக்காகவா? மிச்சமிருந்த மூன்று விரலும் மடங்கி இறுகின. தடியைத் தட்டிவிட்டால் போதும், இவன் விழுவான். அவன் மூச்சை இழுத்து விட்டான். மன்னித்தேன் என்று சொல்ல வரவில்லை. பொய் சொல்லவும் பிடிக்கவில்லை.

"டீ குடிக்கிறியா?" என்றான் கடைசியில். தான் கேட்டதைக் கேட்டு அவனே திடுக்கிட்டான்.

"நானே வாங்கித் தர்றேன்ண்ணே."

இரண்டு பேரும் ரோட்டோரக் கடையில் நின்று டீ குடித்தார்கள். கிளாஸை வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சி," என்று சவுரிராயன் நடந்தான். சின்னதுரை பின்னாலிருந்து ஏதோ சொன்னான். லாரி சத்தத்தில் கேட்கவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவுமில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அமலா காத்திருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். கோர்ட்டில் சொன்னதையும் டீக்கடையையும் சொன்னான்.

"தண்டனை குடுப்பாங்களா?"

"குடுத்தாலும் குடுப்பாங்க."

"குடுத்தா வாரா வாரம் வந்து பாக்கறேன்." அவள் முந்தானையால் அவன் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். "பிரபாவதி அக்கா வந்துச்சி. ஜங்ஷனாண்ட பிரியாணிக் கடை போட்டிருக்கே, ஒன்கிட்டதான் முன்ன கறி எடுக்கும். வெங்கடாசலத்துக்கெல்லாம் பயந்துக்கினு எத்தினி நாளுன்னு கேக்குது. நாளைலேர்ந்து விடியக்காலைல வந்து கறி வெட்டிக் குடுக்கச் சொல்லிச்சி. நான் சரின்னுட்டேன்."

அவன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். "இதால கறியைப் புடிக்க முடியுமாடி? வழுக்கும்."

"மொதல்ல வழுக்கும்."

காணை டவுன் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. அமலா முன்னால் ஏறி இடம் பிடித்தாள். அவன் வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினான். உட்கார்ந்ததும், பிரபாவதி கடையில் கத்தி இருக்கிறதா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டான். தன் கத்தி இப்போது கோர்ட்டில் இருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"கேட்டுட்டேன்," என்றாள் அமலா. "அது வாங்கி வெக்கிறேன்னுச்சி. நீ வந்தா போதுமாம்."